கக்கூஸுக்குப் பூட்டுப் போட்டவள்

என் கொழுந்தனின் மனைவி, அதாவது என் ஓர்ப்படி, சாவி வெட்டுகிறவள். சந்தைக் கட்டடத்தின் மாடிப்படிக்கு அடியில் அவளுடைய கடை. ஒரு ஆள் உட்கார்ந்தால் இன்னொரு ஆள் வெளியேதான் நிற்க வேண்டும். சுவர் முழுக்க வெட்டாத சாவிகள் தொங்கும். நாலைந்து அரம், ஒரு டிரில், கீச்சென்று கத்துகிற மிஷின், அவ்வளவுதான் சொத்து. சந்தையில் அவளுக்குச் சாவிக்காரி என்று பேர். யார் வீட்டுக் கதவு திறக்காவிட்டாலும் அவளைத்தான் கூப்பிடுவார்கள், யார் வீட்டுக் கதவு மூடாவிட்டாலும் அவளைத்தான்.

அப்படிப்பட்டவள் வாழ வந்த வீட்டில் கக்கூஸுக்குத் தாழ்ப்பாள் கிடையாது.

வந்த புதிதில் அவளே ஒன்று வாங்கிவந்து பொருத்தினாள். மாமியார் அதைத் தன் சின்ன மகனை விட்டே கழற்றச் சொன்னார். அவனும் ஸ்க்ரூ டிரைவரை எடுத்து வந்து, பெண்டாட்டி பார்த்துக்கொண்டிருக்கும்போதே கழற்றினான். மாமியார் சொன்ன காரணம், தாழ்ப்பாள் இருந்தால் இவள் உள்ளேயே படுத்துவிடுவாளாம், ஏழு பேர் இருக்கிற வீட்டில் மற்றவர்கள் அடக்கிக்கொண்டு நிற்க முடியாதாம்.

அவள் உள்ளே நேரமெடுத்தது உண்மைதான். மாதாமாதம் அந்த நாட்களில் மட்டும். எல்லாப் பெண்களுக்கும் வருகிற வலி இல்லை அது. வெளிக்குப் போகும்போது உயிர் போகும் என்பாள். "கண்ணாடித் தூளைப் பிதுக்கி வெளிய தள்ற மாதிரி இருக்கு அக்கா" என்று ஒரே ஒரு தடவை என்னிடம் சொல்லியிருக்கிறாள். அதற்குப் பிறகு சொல்லவில்லை. முகத்தைப் பார்த்தே நான் தெரிந்துகொள்வேன்.

அந்தக் கதவு வெளிப்பக்கம் திறக்கிற கதவு. தாழ்ப்பாள் போனபின் அவள் கைப்பிடியில் ஒரு பாவாடை நாடாவைக் கட்டி, மறுமுனையைக் கணுக்காலில் சுற்றிக்கொண்டு உட்காருவாள். மாமியார் வந்து கதவை வெடுக்கென்று இழுப்பார். கதவோடு அவள் காலும் சேர்ந்து போகும்.

"என்னம்மா, உள்ள குடித்தனமா? வாடகை யாரு குடுக்கிறது?"

இதை மெதுவாகச் சொன்னாலும் பரவாயில்லை. தெருவில் போகிறவன் திரும்பிப் பார்க்கிற மாதிரி சொல்வார். அக்கம்பக்கத்தில் அவளுக்கு 'கக்கூஸ் மகாராணி' என்று பேர் வைத்துப் பரப்பியதும் அவர்தான். நான் ஏதாவது கேட்டால், நீ உன் அடுப்பைப் பாரு என்பார். பார்த்தேன். குழம்பில் அவர் தட்டுக்கு மட்டும் உப்பு கூடிக்கொண்டே போனது. என்னால் முடிந்தது அது.

டாக்டரிடம் போகாமல் இல்லை. முதலில் ஒரு சாதாரண ஸ்கேன். நார்மல் என்றார்கள். அப்புறம் ஒரு குடல் டாக்டர், பின்வழியாகக் கேமரா வைத்த குழாயை விட்டுப் பார்த்தார். அவரும் நார்மல் என்றார். கொழுந்தன் வீட்டுக்கு வந்து அம்மாவிடம் அந்த ஒரு வார்த்தையைக் கொண்டுவந்து கொடுத்தான். அன்றிலிருந்து மாமியாருக்கு வேறு ஆயுதமே வேண்டியிருக்கவில்லை. "நார்மலுக்கு வலிக்குதாம்" என்று காய் விற்கிறவளிடம் சொல்வார். "நார்மல் இன்னிக்கிக் கடைக்குப் போகலியாம்" என்று மகனிடம் சொல்வார். அவன் சிரிப்பான்.

உண்மை தெரிந்தது அவள் தொழிலால்தான். ஒரு ஆஸ்பத்திரியில் மருந்து அலமாரியின் பூட்டு சிக்கிக்கொண்டது என்று கூப்பிட்டார்கள். போனாள், திறந்தாள். திறந்த கையோடு அலமாரியைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அந்த நாள் அது. நர்ஸ் பார்த்துவிட்டு, அங்கேயே இருந்த பெண்களுக்கான அறுவை டாக்டரம்மாவிடம் இழுத்துக்கொண்டு போனாள்.

டாக்டரம்மா கேட்ட முதல் கேள்வியே, வெளிக்குப் போகும்போது வருகிற வலி மாதவிலக்கு நாட்களில்தான் அதிகமா என்பது. இத்தனை வருஷத்தில் ஒருத்தரும் இதைக் கேட்டதில்லை. கேட்டதுமே இவள் அழுதுவிட்டாள். கையால் சோதித்துப் பார்த்துவிட்டு அந்தம்மா விளக்கினார். கருப்பையின் உள்பூச்சு மாதிரியான சதை கருப்பைக்கு வெளியே முளைக்குமாம். எண்டோமெட்ரியோசிஸ் என்று பேராம். இவளுக்கு அது கருப்பைக்குப் பின்னால் ஆழமாக இறங்கி, குடலின் வெளிச்சுவரில் ஒட்டியிருக்கும் என்று சந்தேகமாம். மாதவிலக்கு வரும்போது அதுவும் வீங்குமாம். குழாய் விட்டுப் பார்த்தவருக்கு ஏன் தெரியவில்லை என்று நான் கேட்டபோது சாவிக்காரி தன் பாஷையில் சொன்னாள்.

"அவரு வீட்டுக்குள்ள நின்னு சுவரைப் பார்த்திருக்காரு அக்கா. சுண்ணாம்பு நல்லாத்தான் இருந்திருக்கும். வேர் விட்டிருக்கிறது சுவத்துக்கு அந்தப் பக்கம்."

ஆபரேஷன் செய்ய டாக்டரம்மா தயார். ஆனால் அதற்கு முன்னால் குடலை எம்.ஆர்.ஐ.யில் படம் எடுத்தே ஆக வேண்டும் என்று கறாராகச் சொல்லிவிட்டார். அந்தச் சதை எவ்வளவு நீளம், சுவரில் எவ்வளவு ஆழம், ஆசனவாயிலிருந்து எவ்வளவு தூரம், இதெல்லாம் தெரிந்தால்தான் சுரண்டி எடுத்தால் போதுமா, குடலில் ஒரு துண்டையே வெட்டிவிட்டு இணைக்க வேண்டுமா என்று முடிவு செய்யலாம். வெட்ட வேண்டியிருந்தால் குடல் அறுவை டாக்டரும் பக்கத்தில் நிற்க வேண்டும். சில பேருக்குக் கொஞ்ச காலம் வயிற்றில் பை மாட்டிக் கழிக்க வேண்டியும் வரலாம். அதை இவளிடம் முன்கூட்டியே சொல்ல வேண்டும். திறந்து பார்த்துக்கொள்ளலாம் என்று நான் கத்தியை எடுக்க மாட்டேன் என்றார். ரெண்டு டாக்டரும் சேர்ந்து கிடைக்கிற நாட்கள் குறைவு. அதில் ஒரு நாளை இவளுக்கு ஒதுக்கினார்கள். படம் சரியாக வந்தால் அந்த நாள் இவளுடையது, வராவிட்டால் அடுத்தவளுடையது.

படம் தெளிவாக வர வேண்டும் என்றால் குடல் காலியாக இருக்க வேண்டும். முந்தைய நாள் முழுக்கச் சக்கை இல்லாத தண்ணி ஆகாரம். சாயங்காலம் பேதி மருந்துப் பொடியை ஒரு பெரிய ஜாடித் தண்ணீரில் கரைத்து முழுசையும் குடிக்க வேண்டும். மறுநாள் காலையில் எனிமா. இவள் ஜாடியில் மருந்தைக் கரைத்துச் சமையலறையில் வைத்துவிட்டுக் குளிக்கப் போனாள். வந்து முழு ஜாடியையும் மூக்கைப் பிடித்துக்கொண்டு குடித்தாள். என்னமோ, டாக்டர் சொன்ன அளவுக்குப் போகவில்லை.

மறுநாள் ஸ்கேன் டாக்டர் வெளியே வந்து உதட்டைப் பிதுக்கினார். குடல் காலியாகவே இல்லையாம், காற்று வேறு நிறைய இருக்கிறதாம், பார்க்க வேண்டிய இடமே மங்கலாக இருக்கிறதாம். மருந்து முழுவதும் குடித்தீர்களா என்றார். குடித்தேன் என்றாள். அவர் பார்த்த பார்வை, எங்கள் வீட்டில் எல்லாரும் அவளைப் பார்க்கிற பார்வை. ஆபரேஷனுக்கு ஒதுக்கிய நாள் வேறு ஒருத்திக்குப் போனது. இவளுக்கு மூன்று மாதம் தள்ளிக் கொடுத்தார்கள். மூன்று மாதம் என்றால் எங்களுக்குக் காலண்டர், அவளுக்கு இன்னும் மூன்று தடவை கண்ணாடித் தூள்.

அன்று மத்தியானம் சாப்பிடும்போது மாமியார் தானாகவே வாயைத் திறந்தார். யாரும் கேட்கவில்லை. தான் செய்த கெட்டிக்காரத்தனத்தை எவ்வளவு நேரம்தான் ஒருத்தர் வயிற்றுக்குள் வைத்திருக்க முடியும்.

"ஜாடி நிறைய அந்த மருந்தைக் குடிச்சா விடிய விடிய கக்கூஸை இவளே வச்சுக்குவா. நாங்கள்லாம் எங்க போறது? பாதியைக் கொட்டிட்டுத் தண்ணி ஊத்தி வச்சேன். ஒண்ணும் குறைஞ்சிடல பாரு."

நான் கையில் கரண்டியோடு நின்றேன். அந்தக் கரண்டி அவர் தலையில் இறங்காமல் இருந்ததற்கு அதில் சூடான ரசம் இருந்தது மட்டும்தான் காரணம். ரசம் வீணாகும். கொழுந்தன் நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "என்னம்மா நீ" என்று சிரித்தான். சிரித்துவிட்டு அடுத்த கவளத்தை எடுத்தான்.

மாமியார் சொன்னதை அவள் பொறுத்திருப்பாளோ என்னவோ. அந்தச் சிரிப்பைப் பொறுக்கவில்லை. கையைக் கழுவிவிட்டுக் கடைக்குப் போனாள்.

சாயங்காலம் சந்தைக்குப் போனபோது எட்டிப் பார்த்தேன். எந்த ஆபீஸிலோ தூக்கிப்போட்ட ஒரு கனத்த பழைய பூட்டைப் பிரித்துவைத்து, உள்ளே இருந்த பித்தளைத் தகடுகளை அரத்தால் ராவிக்கொண்டிருந்தாள்.

"யாரு வீட்டுப் பூட்டுடி இது?"

"நம்ம வீட்டுது அக்கா."

அதற்கு மேல் நான் கேட்கவில்லை. கம்பி, கொண்டை ஊசி, மற்ற பூட்டின் சாவி எதை விட்டு ஆட்டினாலும் திறக்காதபடி ஒவ்வொரு தகட்டையும் மாற்றி அமைத்துக்கொண்டிருந்தாள் என்று பிறகுதான் சொன்னாள். மூன்று மாதமும் அந்த நாட்கள் வந்தன. மூன்று மாதமும் நாடா கணுக்காலில், மாமியார் கை கதவில். எப்போதெல்லாம் கதவு இழுபட்டதோ, மறுநாள் பூட்டில் ஒரு தகடு முடிந்திருக்கும். வீட்டில் அவள் முன்னைவிட மரியாதையாகப் பேசினாள். அதைப் பார்த்து மாமியார், பொண்ணு திருந்திட்டா என்று எதிர்வீட்டுச் சுவரைப் பார்த்துச் சொன்னார்.

எதிர்வீடு ஒரு தையல்காரியுடையது. கொடியில் காய்ந்த போர்வை ஒன்று காணாமல் போனபோது மாமியார் அவளைத் திருடி என்று சொல்லி, அதிலிருந்து ரெண்டு வீட்டுக்கும் பேச்சு கிடையாது. போர்வை எங்கள் வீட்டுப் பரணிலேயே கிடைத்தது. கிடைத்ததை மாமியார் யாருக்கும் சொல்லவில்லை. நான் தையல்காரியிடம் சொல்லிவிட்டேன்.

ஸ்கேனுக்கு இரண்டாவது முறை வந்தது. இந்தத் தடவை மருந்துப் பொடி வீட்டு வாசல்படியே ஏறவில்லை. கடையிலேயே வைத்திருந்தாள். என் வீட்டுக்காரரையும் பிள்ளைகளையும் ரெண்டு நாளைக்கு என் தங்கை வீட்டுக்கு அனுப்பிவிட்டேன். கொழுந்தன் பார்சல் வண்டி ஓட்டுகிறவன். வெளியூர் லோடு, காலையில்தான் திரும்புவான். வீட்டில் மாமியாரும் நாங்கள் ரெண்டு பேரும்தான்.

மத்தியானம் டிரில்லோடு வந்து கக்கூஸ் கதவில் ஓட்டை போட ஆரம்பித்தாள். மாமியார் ஓடிவந்தார்.

"எந்த டாக்டருடி கக்கூஸுக்குப் பூட்டு எழுதிக் குடுத்தாரு?"

"குடல் காலியாகணும்னு எழுதிக் குடுத்திருக்காங்க அத்தை. எங்க வச்சுக் காலி பண்றதுன்னு நான் முடிவு பண்ணிக்கிட்டேன்."

உள்ளேயும் பூட்டலாம், வெளியேயும் பூட்டலாம், ஒரே சாவி. மாட்டி முடித்துவிட்டு, ஜாடியை நடுக்கூடத்தில் வைத்தாள். மாமியாருக்கு எதிரே உட்கார்ந்துகொண்டாள். அவர் முகத்தை விட்டுக் கண்ணை எடுக்காமல் டம்ளர் டம்ளராக, கடைசிச் சொட்டு வரை குடித்தாள். அப்புறம் எழுந்து உள்ளே போனாள். பூட்டு விழுந்த சத்தம் எனக்கு அவ்வளவு இனிப்பாக இருந்தது. அந்த வீட்டுக்கு வந்ததிலிருந்து முதல் தடவையாக அவள் ரெண்டு காலையும் தரையில் ஊன்றி உட்கார்ந்திருக்கிறாள்.

கொஞ்ச நேரத்தில் மாமியார் வழக்கப்படி கதவை இழுத்தார். கதவு அசையவில்லை. ரெண்டு கையாலும் இழுத்தார். தட்டினார். எவ்வளவு நேரம் என்றார்.

உள்ளேயிருந்து குரல் வந்தது. "குடித்தனம் நடக்குது அத்தை. வாடகை நானே குடுத்துக்கிறேன்."

நான் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சமையலறைக்குள் போய்விட்டேன்.

இருட்டுவதற்குள் மாமியாருக்கு வேறு வழியில்லாமல் போனது. எதிர்வீட்டுக் கதவைத் தட்டினார். தையல்காரி வாசலிலேயே நிற்க வைத்து, என்ன வேணும் என்றாள். மாமியார் மெதுவாகச் சொன்னார். காது கேட்கவில்லை என்றாள். சத்தமாகச் சொன்னார். "ஓ, கக்கூஸுக்கா? போங்க, போங்க. பார்த்து, உள்ள போர்வை ஏதாவது இருந்தா எடுத்துக்கிட்டு வந்திடாதீங்க" என்றாள். அன்று அந்தத் தெருவில் எத்தனை ஜன்னல் திறந்திருந்தது என்பது மாமியாருக்குத்தான் தெரியும்.

காலையில் எனிமாவும் முடிந்தது. வந்தது வெறும் தண்ணீர்தான் என்று எனக்குக் காட்டாத குறையாகச் சொன்னாள். முகம் வெளுத்து, உதடு காய்ந்து, கண் மட்டும் பளபளவென்று இருந்தது. கக்கூஸை வெளியே பூட்டினாள். சாவியை ரவிக்கைக்குள் போட்டுக்கொண்டாள். இதற்கு மருத்துவக் காரணம் எதுவும் கிடையாது. நானும் கேட்கவில்லை. மாமியார் குளிக்கப் போயிருந்தார். நாங்கள் கிளம்பிவிட்டோம்.

எம்.ஆர்.ஐ. அறை வாசலில் உடம்பில் இரும்பு, பித்தளை எதுவும் இருக்கக் கூடாது என்றார்கள். தாலி, வளையல், கொண்டை ஊசி எல்லாம் கழற்றிக் கொடுத்தாள். கடைசியாக ரவிக்கைக்குள்ளிருந்து சாவி வந்தது. இது எந்த நகை என்று அந்த டெக்னீஷியன் பெண் கேட்டாள். என் சீதனம் என்றாள் இவள். நான் வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டேன். குடல் அசையாமல் இருக்க ஊசி போட்டார்கள், பின்வழியாக ஜெல் ஏற்றினார்கள், மிஷினுக்குள் தள்ளினார்கள். கதவுக்கு வெளியே வரைக்கும் டமடமவென்று சத்தம். இந்தத் தடவையும் மங்கலாக வந்துவிடக் கூடாது என்று இடுப்பிலிருந்த சாவியை அழுத்திப் பிடித்துக்கொண்டேன். என் போன் அடித்துக்கொண்டே இருந்தது. மாமியார். எடுக்கவில்லை.

கொஞ்ச நேரத்தில் கொழுந்தன் வேர்க்க விறுவிறுக்க வந்து நின்றான். பெண்டாட்டி எப்படி இருக்கிறாள் என்று கேட்பான் என்று ஒரு நிமிஷம் நினைத்தேன். நானும் முட்டாள்தான்.

"அண்ணி, சாவி எங்க?"

"என் இடுப்புல."

"குடுங்க அண்ணி. எதிர்வீட்டுல பூட்டிக்கிட்டு எங்கியோ போயிட்டாங்களாம். அம்மா துடிக்கிறாங்க."

தையல்காரி எங்கே போனாள், எதற்குப் போனாள் என்று நான் இன்றுவரை விசாரிக்கவில்லை. அவள் வீட்டுப் பூட்டும் எங்கள் சாவிக்காரி போட்டதுதான் என்பது மட்டும் தெரியும். சாவிக்குச் சொந்தக்காரி உள்ளே இருக்கிறாள், வந்ததும் கேட்டுக்கொள் என்றேன்.

ஸ்கேன் டாக்டர் வெளியே வந்தார். முகத்தைப் பார்த்ததுமே எனக்கு உயிர் வந்தது. படம் கண்ணாடி மாதிரி வந்திருக்கிறது என்றார். சாவிக்காரி சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தாள். எனக்குக் காட்டுங்க என்றாள். அப்புறம் புருஷனைக் காட்டி, முதல்ல இவருக்குக் காட்டுங்க என்றாள்.

திரையில் எல்லாம் சாம்பலும் கறுப்பும்தான். டாக்டர் விரல் வைத்துக் காட்டினார். கருப்பைக்குப் பின்னால் கறுப்பாக ஒரு தடிப்பு. துணியைக் கைக்குள் சுருட்டி இறுக்கிப் பிடித்தால் எப்படி இருக்கும், அப்படிக் குடலைத் தன் பக்கம் இழுத்துப் பிடித்திருந்தது. கட்டைவிரல் நீளம். குடலின் சதைச்சுவருக்குள் நன்றாக இறங்கியிருக்கிறது, உள்தோலை மட்டும் தொடவில்லை, அதனால்தான் கேமராவில் தெரியவில்லை என்றார். இதில் ஒரு துண்டை வெட்டி எடுக்க வேண்டியிருக்கும், குடல் டாக்டர் கட்டாயம் வேண்டும் என்றார். பிறகு அவளைப் பார்த்து, இதை வைத்துக்கொண்டு எப்படி அம்மா வேலைக்குப் போனீர்கள் என்றார். அவள் புருஷனைப் பார்த்தாள். அவன் முகத்தில் ஈயாடவில்லை.

வெளியே வந்ததும் அவன், சாவி என்றான்.

"அத்தைக்குப் போனைப் போடுங்க. எல்லாருக்கும் கேக்கிற மாதிரி போடுங்க."

போட்டான். எடுத்த எடுப்பில், "சாவி வாங்கிட்டியாடா?"

"அம்மா, அவளுக்குக் குடல்ல கட்டி இருக்கும்மா. படத்துல பார்த்தேன்."

"நார்மலுன்னாங்க?"

"இல்லம்மா. நிஜமாவே இருக்கு. பெரிசா இருக்கு."

"தாழ்ப்பாளு" என்றாள் சாவிக்காரி.

வரிசையில் உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாரும் பார்த்தார்கள். அவன் தலையைக் குனிந்துகொண்டான். "தாழ்ப்பாளை நான் கழட்டியிருக்கக் கூடாதும்மா."

"மருந்து."

"நீ மருந்தைக் கொட்டினது தப்பும்மா. அன்னிக்கே ஒழுங்கா நடந்திருந்தா மூணு மாசம் முன்னாடியே ஆபரேஷன் முடிஞ்சிருக்கும். நான் அதுக்குச் சிரிச்சேன். அதுவும் தப்பு."

மாமியார், "அதெல்லாம் இருக்கட்டும், சாவி வருதா வரலியா?" என்றார்.

சாவிக்காரி என்னிடம் கையை நீட்டினாள். கொடுத்தேன். கொழுந்தனும் கையை நீட்டினான். அவள் சாவியை எடுத்து மறுபடியும் ரவிக்கைக்குள் போட்டுக்கொண்டாள்.

"ரிப்போர்ட் வாங்கிக்கிட்டு நானே வந்து திறக்கிறேன். போயி அத்தைக்குத் துணையா இருங்க."

ரிப்போர்ட் வர நேரமானது. அதுவரைக்கும் கேன்டீனில் உட்கார்ந்து டீ குடித்தோம். அவள் பன்னை டீயில் தொட்டுத் தொட்டு நிதானமாகத் தின்றாள். இன்னொரு பன் சொல்லவா என்றேன். சொல்லுங்க அக்கா என்றாள். ரிப்போர்ட்டோடு நாங்கள் வீட்டுக்குப் போனபோது மாமியார் பின்கட்டுச் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். புடவை மாற்றியிருந்தார். குளிக்கிற இடம் ஃபினாயில் போட்டுக் கழுவியிருந்தது. அவர் கையாலேயே கழுவியிருக்கிறார், விரல்களில் தண்ணீரில் ஊறிய சுருக்கம் தெரிந்தது. நான் ஒன்றும் கேட்கவில்லை. கேட்காமல் ரெண்டு தடவை அந்தப் பக்கமாக நடந்தேன்.

ஒதுக்கிய நாளில் ரெண்டு டாக்டரும் நின்று ஆபரேஷன் செய்தார்கள். குடலில் படத்தில் பார்த்த அளவே வெட்டி, நல்ல பாகத்தோடு நல்ல பாகத்தைச் சேர்த்துத் தைத்தார்கள். பைக்கு மனசைத் தயார் பண்ணிவைத்திருந்தாள், அது வேண்டியிருக்கவில்லை. வீட்டுக்கு வந்து முதல் மாதவிலக்கின்போது உள்ளே போனவள், போன வேகத்தில் வெளியே வந்தாள். "அவ்வளவுதானா அக்கா? எல்லாரும் இப்படித்தான் போறீங்களா?" என்று கேட்டாள். எனக்குத்தான் அழுகை வந்தது.

பூட்டு இன்னும் கதவில்தான் இருக்கிறது, ஆள் இல்லாத நேரத்தில் வெளியே பூட்டியே இருக்கும். அதற்கு எனக்கு ஒரு சாவி வெட்டிக் கொடுத்தாள். என் வீட்டுக்காரருக்கு ஒன்று, பிள்ளைகளுக்கு ஒன்று. தையல்காரிக்குக்கூட ஒன்று கொடுத்திருக்கிறாள், அவசரத்துக்கு இருக்கட்டும் என்று. கொழுந்தன் இன்னும் கேட்கவில்லை. கேட்கிற தைரியம் வரட்டும், பார்க்கலாம் என்கிறாள்.

மாமியார் தினமும் காலையில் வந்து அவள் முன்னால் நிற்பார். வாயைத் திறந்து கேட்கவும் மாட்டார், நகரவும் மாட்டார். இவள் டீயை ஆற்றுவாள். ஒரு வாய் குடிப்பாள். "ஒரு நிமிஷம் அத்தை, சூடா இருக்கு" என்பாள். இன்னொரு வாய் குடிப்பாள். சந்தையில் வந்து நிற்கிற எவனுக்கும் டீ ஆறுவதற்குள் சாவி வெட்டிக் கொடுத்துவிடுகிறவள்தான். மாமியாருக்கு மட்டும் இன்னும் வெட்டவில்லை.